பூங்காவும் சேரியும்: அடையாற்றங்கரையில் 'பொது' என்ற சொல்

பூங்காக்களின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் மரங்களிலிருந்து தொடங்குகிறார்கள். எந்தத் துரை எந்த மரத்தை எந்தத் தீவிலிருந்து கொண்டுவந்து நட்டான் என்று. தமிழ்ப் புலமை கொஞ்சம் இருந்தால் சங்கப் பாட்டின் பொழிலிலிருந்தும் காவிலிருந்தும் தொடங்குவார்கள். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கும் அந்த ஆசை உண்டுதான். பூ என்ற சொல்லோடு கா சேர்ந்தால் இன மெல்லெழுத்துத் தோன்றிப் பூங்கா ஆகும் என்று மனப்பாடம் செய்த நாளில், எங்கள் சேரியிலிருந்து நடக்கிற தூரத்தில் பூங்கா என்று ஒன்றும் கிடையாது. ஏரி இருந்தது. கரையில் பனை இருந்தது. அதைப் பூங்கா என்று யாரும் சொல்லவில்லை, புறம்போக்கு என்றார்கள். ஆகவே மரத்தையும் இலக்கணத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு சட்டசபைத் தீர்மானத்திலிருந்து தொடங்குகிறேன்.

1924 ஆகஸ்டில் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தது அது. கிராமத்திலோ நகரத்திலோ உள்ள எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் இவற்றில் சாதி இந்துக்களைப் போலவே ஒடுக்கப்பட்டோரும் புழங்கலாம், அதற்குத் தடை சொல்லக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, 1925-இல் அரசிதழிலும் வந்தது. பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே இதே மாதிரித் தீர்மானத்தை 1923-இல் கொண்டுவந்திருந்தார். அந்தக் காகிதத்தைத் தண்ணீரில் சோதித்துப் பார்க்கத்தான் 1927 மார்ச் 20-இல் பாபாசாகேப் மகாடுக்குப் போய்ச் சவுதார் குளத்தில் கைவைத்தார். மகாடைப் பற்றி நம் தோழர்கள் நிறையப் பேசுகிறோம். 1924 தீர்மானத்தைப் பற்றி நம் ஊரிலேயே பேச்சில்லை.

சீனிவாசன் பிறந்த கோழியாளம் மதுராந்தகம் பக்கம். அப்போது அதே சபையில் இருந்த எம்.சி. ராஜா பரங்கிமலையில் பிறந்தவர்; தாம்பரத்திலிருந்து ரயிலில் ஏழாவது ஸ்டேஷன். இரண்டு பேருமே செங்கல்பட்டுச் சீமைக்காரர்கள். இந்தச் சீமையில் பொது என்றால் என்ன, அது யாருடைய பொது என்பது இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தீர்மானத்தில் வருகிற 'பொதுமக்கள் கூடும் இடம்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரை போகிறது. பூங்கா அதில் அடங்கும். ஏரிக்கரையும் அடங்கும்.

இது ஏரி மாவட்டம். தாம்பரத்தைச் சுற்றி சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், இரும்புலியூர், பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், முடிச்சூர் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் ஏரியின் பெயரைச் சொன்ன மாதிரி. இந்த ஏரிகளைக் காத்தது யார் என்று கேட்டால் பல்லவர் என்பார்கள், சோழர் என்பார்கள், குடிமராமத்து என்பார்கள். குடிமராமத்தில் எந்தக் குடி மண் சுமந்தது, எந்தக் குடி கரைமேல் நின்று கணக்குப் பார்த்தது என்பதைச் சொல்ல மாட்டார்கள். ராத்திரி மழையில் அரிக்கேன் விளக்கோடு கரையில் படுத்துக் கிடந்து, மடை அடைத்துக்கொண்டால் மூச்சைப் பிடித்து உள்ளே இறங்கி எடுத்தது சேரி ஆள். நீர்க்கட்டி என்றும் கம்புகட்டி என்றும் அவர்களுக்குப் பெயர். பல ஊர்களில் வெட்டியானும் தோட்டியும் இதே வேலையைச் சேர்த்துப் பார்த்தார்கள்.

என் தாத்தா கம்புகட்டி. ஆயா சொல்லும்: "ஏரி ரொம்பிச்சின்னா ஊருக்கே சந்தோசம், பொங்க வச்சுக் கும்புடுவாங்கோ. உங்க தாத்தாவுக்கு அன்னிக்குத்தான் தூக்கம் போவும். அறுப்பு முடிஞ்சா களத்துல கடைசியா கூப்ட்டு ஒரு மொறம் நெல்லு போடுவாங்கோ, அதும் தூத்துன பதரு பாதி." ஏரியின் எந்தப் பக்கம் ஆழம், எந்தப் பக்கம் கரை கசியும், நாரையும் நீர்க்கோழியும் எந்தக் கருவேல மரத்தில் கூடு கட்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதே ஏரியின் ஊர்ப் படித்துறையில் அவர் முகம் கழுவ முடியாது. இன்றைக்குச் சூழல் கூட்டங்களில் 'மக்கள் பங்கேற்பு' என்று புதிதாகக் கண்டுபிடித்த மாதிரிப் பேசும்போது எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான். பங்கேற்பு எங்களிடம் எப்போதும் இருந்தது. இல்லாமல் போனது பங்கு.

நகரத்துப் பக்கம் ஒரு எட்டுப் போய்விட்டு வருவோம். 1859-இல் கவர்னர் டிரெவெல்யன் முனைந்து சென்ட்ரல் பக்கத்தில் ஒரு பெரிய தோட்டத்தை உருவாக்கினான். 116 ஏக்கர். பெயரே மக்கள் பூங்கா, பீப்பிள்ஸ் பார்க். உள்ளே குளங்கள், வண்டிப் பாதைகள், கொஞ்ச காலத்தில் மிருகக்காட்சி சாலையும் வந்தது. இன்றைக்கு அந்தப் பூங்காவைத் தேடிப் போனால் கிடைக்காது. விக்டோரியா மண்டபம், 1900-இல் மூர் மார்க்கெட், 1913-இல் ரிப்பன் கட்டடம், பிறகு நேரு விளையாட்டரங்கம், புறநகர் ரயில் நிலையம் என்று ஒவ்வொன்றாக அதன் மேல் உட்கார்ந்துகொண்டன. மக்கள் என்று பெயரிலேயே எழுதி வைத்திருந்த பூங்காவை முழுங்கியது அரசாங்கமும் மாநகராட்சியும். எந்தச் சேரிக்காரனும் அங்கே போய்க் குடிசை போடவில்லை. 'ஆக்கிரமிப்பு' என்ற வார்த்தை பேப்பரில் வரும்போதெல்லாம் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

அங்கிருந்த மிருகங்கள்தான் 1985-இல் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தன. வண்டலூர்க் காப்புக்காட்டில் ஆயிரத்து இருநூறு ஏக்கருக்கு மேல் வளைத்து, புதர்க்காடாகக் கிடந்த இடத்தில் 1979-இலிருந்து வேலை நடந்தது. சுற்று வட்டார கிராமத்து ஆட்கள் கை வைத்துத்தான் அந்த மொட்டைக் குன்றுகளில் மரம் எழும்பியது. அதற்கு முன்பே தாம்பரத்தில் இரண்டு பச்சைகள் உண்டு. ஒன்று 1928-இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் சானடோரியம். நல்ல காற்றே மருந்து என்று நம்பிய காலம். அதனால் மரங்களோடு சேர்த்தே ஆஸ்பத்திரியை யோசித்தார்கள். இன்னொன்று சேலையூர்க் காட்டில் இடம் வாங்கி 1937-இல் இங்கே குடிவந்த கிறித்தவக் கல்லூரி. அங்கே வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் மரம் நட்டு வளர்த்த கதை தாம்பரத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் புதர்க்காடு இன்றைக்கும் மான்களோடு நிற்கிறது என்றால் அந்தத் தம்பதிக்குத் தாம்பரம் கடன்பட்டிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள்: ஒன்று ஆஸ்பத்திரிச் சுவர், ஒன்று கல்லூரிச் சுவர், ஒன்று டிக்கெட்டு கவுண்டர். தாம்பரத்தில் பச்சை பிழைத்தது எல்லாம் சுவருக்குப் பின்னால்தான். சுவர் இல்லாத ஏரிகள் ஓரம் ஓரமாகச் சுருங்கின.

சானடோரியம் இடத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு. 2005-இல் அங்கே திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் ஆஸ்பத்திரிக்குப் பெயர் அயோத்திதாச பண்டிதர் மருத்துவமனை. சித்த வைத்தியராக இருந்து, 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தி, 1914-இல் மறைந்து, பிறகு முக்கால் நூற்றாண்டு தமிழறிஞர்களால் சௌகரியமாக மறக்கப்பட்ட அதே பண்டிதர். காலையில் அங்கே வெளிநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்கிற கூட்டம், சீட்டு வாங்கிய பிறகு மர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிடும். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும். குழந்தையைத் தூங்க வைக்கும். யாரும் எழுப்புவதில்லை. தாம்பரத்தில் டிக்கெட் இல்லாமல், உடற்பயிற்சி ஷூ இல்லாமல், ஒரு ஏழை மரத்தடியில் படுக்கக் கூடிய இடம் வேண்டுமானால் அவனுக்கு ஏதாவது ஒரு வியாதி இருக்க வேண்டும் போலிருக்கிறது.

படுப்பது, உட்காருவது, சாப்பிடுவது இவையெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். பூங்காவை அனுபவிப்பது என்பதற்கு இரண்டு முறை இருக்கிறது. ஒன்று நடைபயிற்சி, தனியாக, கைவீசி, வட்டமாக, நேரம் பார்த்து. இன்னொன்று காணும் பொங்கல் முறை. வருடத்தில் அந்த ஒரு நாள் வடசென்னையிலிருந்தும், எங்கள் பக்கத்துச் சேரிகளிலிருந்தும், செங்கல்பட்டுக் கிராமங்களிலிருந்தும் வண்டலூருக்கும் கிண்டிச் சிறுவர் பூங்காவுக்கும் மெரினாவுக்கும் ஜனம் திரளும். புளிச்சோறு, வடகறி, கரும்பு, பாட்டிலில் தண்ணீர், பாய், பாட்டி, பச்சைக்குழந்தை. ஒருத்தர் பாட ஆரம்பித்தால் நாலு பேர் தட்டுவார்கள். மறுநாள் பேப்பரைப் பாருங்கள். எத்தனை டன் குப்பை விழுந்தது என்ற கணக்கு முதல் பத்தியில் இருக்கும். எத்தனை பேர் சந்தோஷமாக இருந்தார்கள் என்ற கணக்கு எங்கேயும் இருக்காது. அந்தக் குப்பையை விடியற்காலையில் வாருகிறவர்களும் முந்தின நாள் பாய் விரித்தவர்களின் அண்ணன் தம்பிகளாகத்தான் இருப்பார்கள் என்பது செய்தியில் வராது. குப்பை போடுவதை நான் நியாயப்படுத்தவில்லை. வருடம் முழுக்கக் கதவு சாத்தியிருந்தால், திறந்த ஒரு நாளில் கூட்டம் அப்படித்தான் பொங்கும் என்கிறேன்.

இனி ஆற்றுக்கு வருகிறேன். அடையாறு நம் ஆறு. பட்டினத்து ஆறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் மேற்கே வர வேண்டும். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர்தான் சேர்ந்து ஆறாகிறது. முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடிப் பட்டினப்பாக்கத்தில் கடலில் விழுகிறது. இதன் வால்பகுதியில் நடந்த ஒரு பூங்காக் கதைக்கும் தலைப்பகுதியில் நடந்த ஒரு இடிப்புக் கதைக்கும் உள்ள உறவைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

முகத்துவாரத்தை ஒட்டி அடையாறு கழி என்று ஒரு நீர்ப்பரப்பு உண்டு. கடல் ஏறும்போது உப்புநீர் உள்ளே வரும், இறங்கும்போது போகும். மீன்குஞ்சும் நண்டும் வளருகிற தொட்டில் அது. 1990களில், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய வேகத்தில், அவருக்கு நினைவு மண்டபம் கட்ட அரசு இந்தக் கழிப்பகுதியில் இடம் ஒதுக்கியது. நுகர்வோர், சுற்றுச்சூழல் அமைப்புகள் உயர்நீதிமன்றம் போயின. நீர்நிலையைத் தூர்க்கக் கூடாது என்பது வாதம். கடைசியில் மண்டபம் ஒரு சின்னத் துண்டு நிலத்துக்குள் அடங்கிற்று. மீதிக் கழி தப்பித்தது. மணிமண்டபம் 2000-இல் திறக்கப்பட்டது.

அந்தப் பத்தாண்டு எப்படிப்பட்டது என்று இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையும், அதன் பேரில் 1892-இல் வந்த பஞ்சமி நில அரசாணையும் நூறு வருடம் கழித்து மறுபடி தூசி தட்டி எடுக்கப்பட்ட நேரம். மாமல்லபுரம் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போன மக்கள் அங்கே அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். ஒரே மாவட்ட எல்லையில், ஒரே சில வருடங்களில், கிராமத்தில் அம்பேத்கர் சிலை 'ஆக்கிரமிப்பு' ஆனது, நகரத்தில் அம்பேத்கர் மண்டபம் 'சூழல் கேடு' ஆனது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாராவது கோபித்துக்கொள்ளலாம். வைக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

நியாயமாகப் பேச வேண்டுமானால், அந்த வழக்கு சூழல் கணக்கில் சரியான வழக்கு. கழியைத் தூர்த்திருந்தால் அது பாபாசாகேப் பெயரில் நடந்திருந்தாலும் தப்புத்தான். தண்ணீருக்காக மகாடு போன மனிதரின் பெயரைத் தண்ணீரைத் தூர்த்துக் கட்டுவது என்ன மரியாதை? ஆனால் அதே முகத்துவாரத்தின் ஓரத்தில் இன்றைக்கு அடுக்குமாடிக் கோபுரங்களும் ஐந்து நட்சத்திர ஹோட்டலும் எழும்பி நிற்கின்றன. கிண்டிக் காட்டிலிருந்து வெட்டிக் கொடுத்த இடத்தில் 1956-இல் காந்தி மண்டபம் வந்தது. அதை ஒட்டி ராஜாஜிக்கு, காமராஜருக்கு, பக்தவத்சலத்துக்கு என்று மண்டபங்கள் வரிசையாக வந்தன. இரட்டைமலை சீனிவாசனுக்கும் அந்த வளாகத்திலேயே ஓர் இடம் கிடைத்தது. அந்தக் காலத்தில் இன்றைய சூழல் சட்டங்கள் இல்லை, கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையே 1991 பிப்ரவரியில்தான் வந்தது என்று ஒரு நண்பர் எனக்குப் பதில் சொன்னார். சரிதான். சட்டம் வந்து சேர்ந்த நேரத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தது நாமாக இருந்தோம். எப்போதும் அப்படித்தான் ஆகிறது.

மீதமான கழியைப் பூங்காவாக்க 2006-இல் அடையாறு பூங்கா அறக்கட்டளை அமைக்கப்பட்டது. கட்டட இடிபாடும் குப்பையும் கிடந்த 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, நீர் வழிகளை வெட்டி, அலையாத்தியும் கரையோரச் செடிகளும் நட்டார்கள். 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்று பெயர் சூட்டித் திறந்தார்கள். நண்டு வந்தது, பறவை வந்தது. செத்த நீர்நிலையை உயிர்ப்பிக்க முடியும் என்பதற்கு இது நல்ல சாட்சி. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மனிதன் வருவதற்குத்தான் கஷ்டம். பல வருடங்கள் பள்ளி மாணவர் குழுக்களுக்கும் முன் அனுமதி பெற்றவர்களுக்கும் மட்டுமே கதவு திறந்தது. புதுப்பித்து, தாராளமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிட 2025 வரை ஆயிற்று. ஏப்ரல் 14-க்கும் டிசம்பர் 6-க்கும் பக்கத்து மணிமண்டபத்துக்கு மாலையோடு வருகிற ஆயிரக்கணக்கான ஜனம் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே திரும்பிப் போனார்கள்.

அந்த அறக்கட்டளை 2010-இல் பெயர் மாறிற்று. சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆயிற்று. 58 ஏக்கரில் வெற்றி கண்ட கை ஆறு முழுவதற்கும் நீண்டது. 2015 டிசம்பர் வெள்ளம் அதற்கு அவசரமும் நியாயமும் கொடுத்தது. ஆற்றை மீட்பது என்றால் முதல் வேலை கரையில் இருக்கிறவர்களை எடுப்பது என்று ஆனது. 2025 மே மாதம், தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட அனகாபுத்தூரில், பல பத்தாண்டுகளாகக் குடியிருந்தவர்களின் நூற்றுக்கணக்கான வீடுகளை அடையாற்றங்கரையில் இடித்தார்கள். அவர்களில் பெரும்பகுதி கூலி வேலை செய்கிற, கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற ஜனம். பெரும்பாக்கம், நாவலூர், தைலாவரம், கீரப்பாக்கம் என்று சிதறடித்தார்கள். அந்தச் சமயத்தில் மனு எழுதிக் கொடுக்க அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒரு அக்கா ரேஷன் கார்டு ஜெராக்ஸை நீட்டிக்கொண்டே கேட்டார்: "ஆத்துக்கு நாங்க இன்னா கெடுதல் பண்ணோம் தம்பி? பிளாட்டுக்காரன் கக்கூஸ் தண்ணி பைப்புல வருது, நாங்க அத்த மூக்கப் பொத்திக்கினு முப்பது வருசமா பாத்துக்கினு இருந்தோம். அதான் தப்பா?" மனுவில் இதற்கு ஒரு பத்தி கிடையாது.

வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்றார்கள். கொண்டுபோய்ப் போட்ட இடங்களில் பெரும்பாக்கமும் ஒன்று. 2000-இலிருந்து கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று நகரத்துச் சேரிகளை வாரி எடுத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் சுற்றிலும் கொட்டிய வரலாறு இன்னொரு கட்டுரை. கண்ணகி நகரில் மட்டும் 15,656 வீடுகள். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் மழைக்கு மழை முழங்கால் தண்ணீரில் நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். கூவம், அடையாற்றுக் கரைகளைப் பசுமையாக்க எடுக்கப்பட்டவர்கள், 2022-இல் ராம்சார் ஈரநிலம் என்று உலகப் புகழ் பெற்ற சதுப்பின் விளிம்பில் இருக்கிறார்கள். நாளைக்குச் சதுப்பை மீட்கும்போது இவர்கள் மறுபடி ஆக்கிரமிப்பாளர்கள் ஆகமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அந்தக் கண்ணகி நகரின் திறந்த மைதானத்தில் கபடி ஆடிய பெண் கார்த்திகாதான், 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் துணைத்தலைவி. ஒரு மண் திடலை ஒழுங்காக விட்டுவைத்தால் எங்கள் பிள்ளைகள் அதை என்ன செய்வார்கள் என்பதற்கு வேறு அறிக்கை தேவையில்லை.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் என்று ஒன்று இருக்கிறது. நகரப் பூங்கா என்றாலே உலகம் முழுக்க உதாரணம் காட்டுவது அதைத்தான். அது இருக்கிற இடத்தில் 1825-இலிருந்து செனெக்கா வில்லேஜ் என்று ஓர் ஊர் இருந்தது. இருநூற்றைம்பதுக்குள் ஜனத்தொகை, அதில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பர்கள். சொந்த நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தார்கள். மூன்று தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம். கறுப்பு ஆணுக்கு ஓட்டு வேண்டுமானால் 250 டாலர் சொத்து காட்ட வேண்டிய காலத்தில் அந்த நிலம் அவர்களுக்கு வெறும் மண் அல்ல. 1857-இல் பூங்காவுக்காக ஊரே காலியாக்கப்பட்டது. அக்காலப் பத்திரிகைகள் அவர்களை அத்துமீறிக் குடியேறியவர்கள் என்றே எழுதின. நூறு வருடத்துக்கு மேல் அந்த ஊரின் பெயரையே யாரும் சொல்லவில்லை. 1992-இல் இரண்டு வரலாற்றாசிரியர்கள் பூங்காவைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் பேச்சு எழுந்தது. அனகாபுத்தூர்க் கரையில் நாளைக்கு நடைபாதையும் பெஞ்சும் வரும்போது, இங்கே இருந்த தெருக்களின் பெயரை ஒரு பலகையிலாவது எழுதுவார்களா?

சிட்லபாக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை ஒருபக்கமாகிவிடும். எங்கள் வட்டாரத்தில் ஜனங்கள் சேர்ந்து ஒரு ஏரிக்காகப் பாடுபட்டதில் அதற்கு முதலிடம். ஏரியை ஒட்டியே பேரூராட்சியின் குப்பைக் கிடங்கு பல வருடம் இருந்தது. 2019 கோடையில் ஏரி வறண்டபோது, குடியிருப்போர் ஞாயிற்றுக்கிழமை தோறும் இறங்கிப் பிளாஸ்டிக்கையும் புதரையும் அள்ளினார்கள். மனு கொடுத்தார்கள், விடாமல் துரத்தினார்கள். அந்த வருடமே ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. இன்றைக்குக் கரையில் ஜனம் நடக்கிறது. மத்தியதரக் குடும்பங்கள் தங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார்கள். கேலி செய்ய மாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. கையுறை போட்டு ஒரு நாள் குப்பை அள்ளியவர்களின் புகைப்படம் பேப்பரில் வந்தது. அதே கிடங்கில் கையுறை இல்லாமல் முன்னூற்று அறுபத்தைந்து நாளும் அள்ளியவர்களின் பெயர் ஏரிப் பாதுகாப்பு வரலாற்றில் ஏன் ஏறவில்லை? ஏரி நாறியபோதும் அவர்கள்தான் அங்கே இருந்தார்கள். மணக்கும்போது ஏன் நடைபயிற்சிக்காரர்களில் அவர்கள் இல்லை?

நம் தோழர்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஏரி, மரம், பூங்கா என்றால் இது ஐயர் வேலை, அடுக்குமாடிக்காரன் வேலை, நமக்கு நிலமும் கூலியும்தான் பிரச்சினை என்று சொல்கிறார்கள். நிலம் என்றால் பட்டா நிலம் மட்டும்தானா? புறம்போக்கு யாருடையது? மேய்க்கால், ஏரிவாய், ஆற்றங்கரை, சுடுகாட்டுப் பாதை இவை பொது என்று இருந்ததால்தான் பட்டா இல்லாத சேரி உயிரோடு இருந்தது. ஆடு மேய்ந்தது, நண்டும் நத்தையும் கிடைத்தது, கீரை கிடைத்தது. பொதுவை இழந்தால் முதலில் பட்டினி கிடப்பது நாம். சூழல்காரர்கள் நம்மைப் பேசவிடவில்லை என்று குறை சொல்லிக்கொண்டு கூட்டத்துக்கே போகாமல் இருப்பது, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை என்று தாகத்தையே மறந்துவிடுவது மாதிரி.

கூட்டம் என்று ஒன்று இப்போது சட்டப்படியே இருக்கிறது. 2021-இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. முதல் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 2022-இல் வசந்தகுமாரி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான். அதே வருடம் நகரங்களிலும் பகுதி சபா கூட்டங்கள் ஆரம்பமாயின. கிராமத்துக்குக் கிராமசபை மாதிரி நகரத்துக்கு இது. எங்கள் பகுதி சபாவில் முதல் தடவை போனபோது முன்வரிசை முழுக்க நடைபயிற்சி சங்கத்தார். எங்கள் தெருப் பூங்காவின் பலகையில் விளையாடக் கூடாது, படுக்கக் கூடாது, உணவருந்தக் கூடாது என்று இருந்தது. பகல் பத்து மணிக்குப் பூட்டினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். வெயிலில் கல் சுமந்துவிட்டு நிழல் தேடுகிற ஆளுக்குப் பூங்கா வேண்டிய நேரமே அதுதான்.

சேரியிலிருந்து பதினாறு பேர் போனோம். அதில் பதினொரு பேர் பெண்கள். 1924 தீர்மானத்தை ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். படிக்க விடவில்லை, நேரமில்லை என்றார்கள். மேஸ்திரி வேலை பார்க்கிற ஒரு பெரியம்மா எழுந்து, "இந்தப் பார்க்குக்கு மண்ணு அடிச்சதே நாங்கதான். அப்ப படுத்துக்கினுதான் சோறு தின்னோம், யாரும் ஒண்ணும் சொல்லல" என்றது. முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருவர் தலையாட்டினார். நாலைந்து கூட்டத்துக்குப் பிறகு பகல் பூட்டு எடுக்கப்பட்டது. பலகையில் 'உணவருந்தக் கூடாது' மட்டும் வெள்ளைப் பெயிண்ட்டால் அழிக்கப்பட்டிருக்கிறது. 'படுக்கக் கூடாது' அப்படியே இருக்கிறது. புதிதாகப் போட்ட பெஞ்சுகளுக்கு நடுவில் இரும்புக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். அடுத்த சபாவில் அந்தக் கைப்பிடியைப் பற்றியும், ஏரி மதகின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றியும் கேட்பதற்குப் பெயர் கொடுத்திருக்கிறோம்.